தாழ்ப்பாளுக்கு மேலே ஒரு சாண்

பிரேம்காரருக்கு ஒரே ஒரு வரியின் மேல் தீராத கோபம். பதினேழு வருஷமாக அந்த வரியைக் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், உளிகளுக்குக் கீழே, நாலாக மடித்து வைத்திருந்தார். அவர் படங்களுக்குச் சட்டம் போடுகிற வேலை பார்த்த ஓவியக் கல்லூரி ஒரு கண்காட்சிக்காக அச்சடித்த சிறு புத்தகத்தின் பக்கம் அது. மேலே அவருடைய மனைவியை யாரோ வரைந்த படம். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: ‘இந்தக் கண்கள் வராத ஒருவனுக்காகக் காத்திருக்கின்றன.’

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். புத்தகத்தைத் தொடுகிற ஆள் இல்லை. ஆனாலும் அந்த வரி மனப்பாடம். கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் பக்கத்து அறையில் மரம் இழைத்துக்கொண்டிருக்கும்போது, வராத ஒருவன் எவன்? விவரம் கெட்டவன் எழுதியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். எழுதியவர் அலமாரி அலமாரியாகப் படித்தவர். அதுதான் வயிற்றெரிச்சல். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அந்தக் கட்டடத்திலேயே சத்தியம் செய்து சொல்லக்கூடிய ஆள் பிரேம்காரர்தான். அவள் பார்த்தது ஆணியை. ஒன்றரை அங்குல ஆணி. அடித்தவரும் அவர்தான்.

அந்த ஆணி விவகாரம் வெளியாட்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் வரைவதற்காக உட்காருகிறவர்களுக்கு உடம்பை அசைக்காமல் இருப்பது ஒரு மாதத்தில் கைவந்துவிடும். கண்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. யாராவது தும்மினால் அங்கே ஓடும், ஈ பறந்தால் அதன் பின்னாலேயே போகும். சுற்றி நின்று வரைகிற இருபது பேரும் உச்சுக் கொட்டுவார்கள். அதனால் கண்ணுக்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிடுவது அந்தக் கல்லூரி வழக்கம். ஆசிரியர் தள்ளி நின்று மேலே, கீழே, கொஞ்சம் இடது என்று கையாட்டுவார். பிரேம்காரர் சுத்தியலும் கையுமாக ஆணி அடிப்பார். நாற்பது நிமிஷம் ஆணியைப் பார்க்க வேண்டும், பத்து நிமிஷம் ஓய்வு, மறுபடியும் ஆணி. ஜன்னலோர நாற்காலிக்கு மட்டும் ஆணிக்கு நிரந்தர இடம் உண்டு. ஜன்னலின் நடுச்சட்டத்தில், தாழ்ப்பாளுக்கு மேலே சரியாக ஒரு சாண். அங்கே பார்த்தால் படத்தில் வெளியே பார்க்கிற மாதிரியே விழும். உண்மையில் வெளியே இருந்தது பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். வரைந்தவர்கள் குழாயைக் கழித்துவிட்டு, கடலோ மலையோ அந்தி வானமோ அவரவர் கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டார்கள்.

அவள் அங்கே தரை துடைக்கத்தான் வந்தாள். ஒரு மதியம் துடைப்பக் கட்டையில் மோவாயை ஊன்றிக்கொண்டு நின்றபோது, ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டு அப்படியே இருக்கச் சொன்னார். அவள் பயந்துபோய் அப்படியே இருந்தாள். அன்றைக்கு வந்த உத்தியோகம். ஜன்னலோரத்திலேயே உட்கார வைத்ததில், மாணவர்கள் ‘ஜன்னலக்கா’ என்று பேர் வைத்தார்கள். ஆணி அடிக்கப் போகிற சாக்கில் பிரேம்காரர் பேச்சுக் கொடுத்தார். அரை நாள் இரும்பை முறைத்துக்கொண்டு என்னதான் நினைப்பாய் என்று ஒருமுறை கேட்டார்.

“மொத அஞ்சு நிமிஷம் ஆணி தெரியும். அப்புறம் ரெண்டு ஆணியாத் தெரியும். அப்புறம் ஒண்ணுமே தெரியாது” என்றாள். “அப்பதான் எல்லாரும் விழுந்து விழுந்து வரைவாங்க.”

பிரேம்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வருஷமே கல்யாணம் முடிந்துவிட்டது. மூன்று வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்த வரி வந்தது.

எழுதியவர் கல்லூரிக்கு வந்து போகிற ஒரு பெரியவர். எந்தப் படத்தைக் காட்டினாலும் “இதுக்கு ஒரு விளக்கம் இருக்கு” என்றுதான் தொடங்குவார். அதனால் அவருக்கு விளக்கம் சார் என்றே பேர் நிலைத்துவிட்டது. நல்ல மனுஷர், யாரையும் ஒருமையில் பேச மாட்டார். பிரேம்காரர் நேரே போய், சார், நீங்க எழுதினது தப்பு, அவ பார்க்கறது ஆணியை என்று சொன்னார். வேண்டுமானால் வந்து பாருங்கள், ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்றும் சொன்னார்.

விளக்கம் சார் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினார். பழைய பாட்டுகளிலும் கதைகளிலும் ஜன்னலோரத்தில் ஒரு பெண் நின்றால், அவள் எதைப் பார்க்கிறாள் என்பது முக்கியமே இல்லையாம். எதையாவது பார்க்கிற கண்ணை நாமும் ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோமாம். எதன் மேலும் படாமல் நிற்கிற கண்தான் நம்மைப் பிடித்து நிறுத்துமாம். காலியாக இருக்கிற அந்த இடத்தில் ஆளாளுக்குத் தன் ஏக்கத்தைக் கொண்டுபோய் வைப்பார்களாம். பிரேம்காரருக்கு இது பாதி புரிந்தது. புரிந்த பாதி பிடிக்கவில்லை.

“உங்க ஆணி கண்ணை நிறுத்துறதுக்குத்தான்” என்று முடித்தார் விளக்கம் சார். “அவங்க பார்க்கறது ஆணிக்கு அந்தப் பக்கம்.”

அதோடு விட்டிருந்தால் ஆறிப் போயிருக்கும். கிடங்குக்காரர் விடவில்லை. வண்ணமும் துணியும் எடுத்துக் கொடுக்கிற ஆள், வாயில் நல்ல வார்த்தை வராது. காலையில் பிரேம்காரர் உள்ளே நுழைந்ததும், “என்னப்பா, வராதவன் இன்னைக்காவது வந்தானா?” என்பார். பலகை ஏற்றி வருகிற வண்டி தாமதமானால், “அவனும் வராதவன் கோஷ்டிதான்” என்பார். ஊரே சிரிக்கும். பிரேம்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே போய் இழைப்புளியை மரத்தில் வைத்து அழுத்துகிற அழுத்தில் சீவல் சுருள் சுருளாகப் பறக்கும்.

வீட்டில் அவளைக் கேட்டார். உண்மையைச் சொல், யாரைத்தான் பார்க்கிறாய்? அவள் சிரித்தாள். முதுகுவலி எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அதற்கு அவரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. சந்தேகம் என்று சொல்ல முடியாது. அவள் மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அவளிடம் தனக்கு எட்டாத ஏதோ ஒன்று இருப்பதாக நாலு பேர் சொல்ல, தன் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லையே என்கிற புகைச்சல். அந்தப் புகைச்சல் ஒரு சொல்லாகி வாயில் ஒட்டிக்கொண்டது. அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றால், “வந்துட்டானா?” என்பார். கூப்பிட்டதும் திரும்பாவிட்டால், “வந்துட்டானா?” முதலில் கேலிதான். பிறகு அது கேலியா குத்தலா என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. மகள்கூடச் சின்ன வயதில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஏழெட்டு வருஷம் கழித்து அவள் பொருட்களைத் தட்டிவிட ஆரம்பித்தாள். குளியலறை வாசலில் எப்போதும் இருக்கிற வாளியில் இடித்துக்கொள்வாள். கதவு பாதி திறந்திருந்தால் அதன் விளிம்பில் தோளைக் கொடுப்பாள். மகள் பக்கவாட்டிலிருந்து வந்து தொட்டால் தூக்கிவாரிப் போடும். தேநீரை டம்ளருக்கு அந்தப் பக்கம் ஊற்றுவாள். ஒவ்வொன்றுக்கும் பிரேம்காரர் தயாராக வைத்திருந்தது அந்த ஒரே சொல்தான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே மெதுவாகச் சொன்னாள். “ஏங்க, பக்கவாட்டுல எதுவும் சரியாத் தெரியமாட்டேங்குது.”

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அவர் சொன்னார். “வர்றவன் நேராத்தானே வருவான். பக்கவாட்டுல உனக்கென்ன பார்வை?”

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். அடுத்த நிமிஷம் மறந்தும்போனார்.

கல்லூரியில் வேறு மாதிரி நடந்தது. ஆணி சின்னதாக இருக்கிறது, பெரிதாக அடியுங்கள் என்றாள். அடித்தார். கொஞ்ச நாளில், ஆணியில் ஒரு வெள்ளைப் பட்டனை மாட்டுங்கள் என்றாள். பழைய சட்டையிலிருந்து பெரிய பட்டனாகப் பிய்த்து மாட்டினார். இன்னும் கொஞ்ச நாளில் பட்டனுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒட்டச் சொன்னாள். படத்துக்கு உட்காருகிறவளுக்கு வர வர ராணி மாதிரி சட்டம் பேசத் தெரிந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார். கேட்டதெல்லாம் தன் கையாலேயே செய்து கொடுத்தார். எதற்குக் கேட்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை.

இதற்கிடையில் அவள் பார்வையின் புகழ் ஏறிக்கொண்டே போனது. ஜன்னலக்கா கண் இப்போதுதான் கனிந்திருக்கிறது, இந்த உலகத்திலேயே இல்லை என்றார்கள் ஆசிரியர்கள். வேறு கல்லூரிகளிலிருந்தெல்லாம் வந்து வரைந்துகொண்டு போனார்கள். கடைசியில் அவளை வரைந்த படங்களை மட்டும் திரட்டி ஒரு பெரிய கண்காட்சி வைப்பதென்று முடிவானது. இருபத்திரண்டு படங்கள், இருபத்திரண்டு கைகள், பதினெட்டு வருஷம். எல்லாவற்றுக்கும் புதுச் சட்டம் போடுகிற வேலை பிரேம்காரர் தலையில் விழுந்தது.

பட்டறையில் மூன்று சுவர்களிலும் வருஷ வரிசைப்படி படங்களைச் சாத்தி வைத்தார். பலகை கோணலா நேரா என்று பார்க்க, அதன் விளிம்பில் ஒரு கண்ணை வைத்து மறு கண்ணை மூடிக்கொள்வது தச்சு வேலைக்காரனின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் படங்களையும் அப்படிப் பார்த்தார். கூடவே ஓர் அற்ப ஆசை. எல்லாப் படத்திலும் ஜன்னல் சட்டம் இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. ஒரு சாண் அளந்து ஆணி இருந்த இடத்தைக் காட்டி, பார்த்தீரா சார், எல்லாரும் வரைந்திருப்பது என் ஆணியைப் பார்க்கிற கண்ணைத்தான் என்று விளக்கம் சாரின் மூக்கை உடைத்துவிட வேண்டும். நூலை எடுத்தார். படத்திலிருக்கும் கருவிழிக்கு நேராகப் பிடித்து, அது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பதினாலு படத்திலும் கணக்காகப் போய் நின்றது. நல்ல கை, நோஞ்சான் கை எல்லாம் ஒன்றுதான். தாழ்ப்பாளுக்கு மேலே ஒரு சாண்.

பதினைந்தாவதில் நூல் கொஞ்சம் விலகியது. வரைந்தவன் கை தப்பியிருக்கும் என்று அடுத்ததுக்குப் போனார். அதிலும் விலகியது, அதே பக்கம். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். இருபதாவது படத்தில் கண் சட்டத்தை விட்டே வெளியே போயிருந்தது. இருபத்திரண்டாவதில் எதன் மேலும் நிற்கவில்லை. இரண்டு கண்ணும் ஆளுக்கொரு பக்கம் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. ஒருத்தன் கை தப்பலாம். எட்டுப் பேர் கை ஒரே பக்கமாகத் தப்புமா? பிரேம்காரர் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வாளி நினைவுக்கு வந்தது. கதவு விளிம்பு நினைவுக்கு வந்தது. கறுப்புத் துணி ஒட்டினது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் போய் ஆணியைப் பிடுங்கினார். கறுப்புத் துணியையும் உரித்தார். பட்டனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அவள் வந்தாள். நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மோவாயைத் தூக்கினாள். பதினெட்டு வருஷப் பழக்கம், கழுத்து தானாகப் போய் அதன் இடத்தில் நின்றது.

“ஆணி சரியா இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு” என்றாள். “பட்டன் பளிச்சுனு தெரியுது.”

சட்டைப் பைக்குள் பட்டன் இருந்தது. பிரேம்காரர் பையின் மேல் கையை வைத்து அதைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் மாணவர்கள் வந்துவிட்டார்கள். படத் தாங்கிகளை இழுத்துப் போட்டார்கள். அக்கா கண்ணு இன்னைக்கு என்னமா இருக்கு பாரேன் என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். கரி கீறுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நாற்பது நிமிஷம் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒன்றுமில்லாத மரச்சட்டத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு மணி அடித்ததும் போய்க் கையைப் பிடித்தார். கல்யாணமான புதிதில்கூட கல்லூரியில் வைத்து அவர் அவள் கையைப் பிடித்ததில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

கண் டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தார், காற்றை ஊதிப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார். பக்கவாட்டுப் பார்வை முதலில் போகுமாம். நேர்ப்பார்வை கடைசியில்தான் போகுமாம். வலிக்காதாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் தினம் ஒரு சொட்டு மருந்து, பார்வையில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாமாம். போனது போனதுதானாம்.

“இடிச்சுக்குவாங்க, தட்டிவிடுவாங்க. வீட்ல ஒருத்தருமா கவனிக்கல?” என்று கேட்டார். “அவங்களாவது எதுவும் சொல்லலையா?”

பிரேம்காரர் தரையைப் பார்த்தார். அவள் முந்திக்கொண்டு, எனக்கே தெரியலைங்கம்மா என்றாள்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஏன் மறுபடியும் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். கேட்ட குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது. வேறு எந்தக் குரலிலும் அவருக்குப் பேச வராது.

“சொன்னா வந்துட்டானாம்பீங்க” என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நேரம் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

கண்காட்சி குறித்த நாளில் நடந்தது. அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய இருபத்திரண்டு முகங்களுக்கு நடுவே நடந்தாள். இது எந்தப் படம், என்ன புடவை என்று கேட்டாள். அவர் சொன்னார். சுற்றி நின்றவர்கள், என்ன பார்வை, என்ன பார்வை என்று உருகினார்கள். விளக்கம் சாரிடம் பிரேம்காரர் விஷயத்தைச் சொன்னார். மூக்கை உடைப்பதற்கு அல்ல. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிஜமாகவே அழுதார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். அடுத்த வாரம் ஒரு கட்டுரை எழுதினார். பார்வை போன பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பவள் என்று அதில் இருந்தது. முந்தினதைவிட நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். கூட்டம் இன்னும் கூடியது.

பிரேம்காரர் அன்றைக்குக் கருவிப் பெட்டியைக் கவிழ்த்து, பழைய பக்கத்தை எடுத்தார். கிழிக்கத்தான் எடுத்தார். மடிப்பில் நைந்து போயிருந்தது. வராத ஒருவன். பக்கத்து அறையில் இருந்துகொண்டே வராதவன் என்று ஒருத்தன் இருக்க முடியும் என்று பதினைந்து வருஷம் அவருக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தை மறுபடியும் நாலாக மடித்து உளிகளுக்குக் கீழே வைத்தார்.

பிறகு அவள் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். அந்தச் சொல்லை அவர் திரும்பச் சொல்லவே இல்லை. ஆனால் அவள் வாளியில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம், அது சொல்லாமலே வீட்டுக்குள் ஒருமுறை நடந்துவிட்டுப் போகும். இருவருக்கும் கேட்கும். வாளியை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். வைத்த இடத்துக்கும் அவள் வந்து இடித்துக்கொண்டாள். மருந்துக் கடைக்காரரிடம் போய், தினம் ஒரு சொட்டு என்று டாக்டரம்மா சொன்ன மருந்து எப்படி இருக்கும் என்று கேட்டார். சுண்டுவிரல் அளவு ஒரு புட்டி. கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு நாள், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, கழுத்து வலிக்கிறது, எதிர்ச் சுவரில் ஓர் ஆணி அடியுங்கள் என்றாள். அடித்தார். சத்தத்தை வைத்து, இன்னும் கொஞ்சம் கீழே என்றாள். பிடுங்கிக் கீழே அடித்தார். கொஞ்சம் இடது என்றாள். சரியாக வந்ததும் தலையாட்டினாள். அதற்கப்புறம் தினமும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று அவர் கேட்பார், குரலை முடிந்த மட்டும் தணித்துக்கொண்டு. ஒண்ணுமில்லைங்க என்பாள். அது நிஜம்தான் என்பதால் மேற்கொண்டு கேட்க அவருக்கு எதுவும் இருக்காது.

மழைக்காலத்தில் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. மூச்சு விடுவதே வேலையாகிவிட்டது. மகள் வந்து பத்து நாளாகக் கூடவே இருந்தாள். அன்றைக்கு மகள் கஞ்சி வைக்க உள்ளே போன நேரத்தில், அவள் கையை நீட்டித் துழாவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று அவர் குனிந்தார்.

“ஏங்க” என்றாள். “நான் போனப்புறம் கண்ணு திறந்து கிடந்தா, உடனே மூடிடுங்க. யாரும் வர்றதுக்கு முன்னாடி.”

அவர் சரி என்பதற்குள் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, சிரிப்பது போல உதட்டை ஒரு பக்கம் இழுத்தாள்.

“இல்லேன்னா பார்த்துட்டு ஏதாவது எழுதிடுவாங்க.”